ஆகும்பே போகிறவர்கள் அந்த நாலு தாரைப் படத்தை நம்ப வேண்டாம்

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு ஆகும்பே போய் ஏமாந்து வந்தோம். ஏமாற்றிய ஹோம்ஸ்டேக்காரர் இன்னும் கடை விரித்திருப்பதால் எழுதுகிறேன்.

ஆகும்பே கர்நாடகத்தில், தீர்த்தஹள்ளி தாலுகாவில் இருக்கிற சின்ன மலைக்கிராமம். சுற்றிலும் மழைக்காடு, ராஜநாகங்களுக்குப் பெயர் போன இடம். வருஷத்துக்கு ஏறக்குறைய 7,000 மில்லிமீட்டர் மழை. கோயம்புத்தூரில் பத்து வருஷத்துக்குப் பெய்வது அங்கே ஒரே வருஷத்தில் கொட்டிவிடும். மழை பார்க்கத்தான் நாங்களும் போனோம்.

இன்ஸ்டாகிராமில் ஒரு ஹோம்ஸ்டே விளம்பரம். ஜன்னலுக்கு வெளியே பாறையில் நாலு தாரையாக அருவி விழுகிற படம். வாட்ஸ்அப்பில் கேட்டதும் "சார், அருவிக்கு நடந்தே போகலாம்" என்று பதில் வந்தது. இரண்டு ராத்திரிக்கு 9,000 ரூபாய், பாதி அட்வான்ஸ். ஜிபேயில் போட்டுவிட்டேன். காட்டுக்குள் பர்கானா அருவிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதையும் தாங்களே வாங்கித் தருவதாகச் சொல்லி, தலைக்கு 600 வீதம் நாலு பேருக்கு 2,400 தனியாக வாங்கினார்கள்.

உடுப்பியில் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. ஆகும்பேக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும் என்று படித்திருந்தேன். ஒரு வளைவுகூட வரவில்லை. ஹெப்ரி தாண்டி அடிவாரத்திலேயே ஒரு பாக்குத் தோப்புக்குள் ஜீப் நின்றது. "இதுவும் ஆகும்பே ஏரியாதான் சார்" என்றார் டிரைவர். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகை. மேலே ஊருக்குப் போய்வர ஜீப்புக்குத் தனியாக 1,500.

மறுநாள் பர்கானா. காட்டு வழி தொடங்குகிற இடத்திலேயே வனக்காவலர் மறித்துவிட்டார். மழைக்காலம், பாதை அடைத்திருக்கிறது. டிரைவர் கொடுத்திருந்த ரசீதை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். "மழையால் பர்மிஷன் கேன்சல், ரீஃபண்ட் கிடையாது" என்றார் டிரைவர்.

ஊருக்குள் டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் சாயம் வெளுத்தது. என் மனைவி ஓசூர்க்காரி, கன்னடம் பேசுவாள், படிக்கத் தெரியாது. ரசீதைக் கடைக்காரப் பெரியவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், சிரித்தார். "இது வண்டி நிறுத்துகிற சீட்டும்மா" என்றாராம். மூலையில் கன்னட எண்ணில் 20 என்று அச்சாகியிருக்கிறது. அது எங்களுக்குப் பூ வேலைப்பாடு மாதிரித்தான் தெரிந்தது. அதன்மேல் பேனாவால் கொட்டை எழுத்தில் 2,400. அந்த அருவிப் படத்தையும் காட்டினோம். "இது ஜோக் அருவி, இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்." நாலு தாரை என்றாலே ஜோக் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பெரியவர் சொல்லித்தான் ஜோகிகுண்டிக்குப் போனோம். பெயரைக் கேட்டு என் மகன் சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. கன்னடத்தில் குண்டி என்றால் குழி. சின்ன அருவிதான், ஆனால் அந்தப் பச்சை, அந்த இரைச்சல்! காலில் ஏழெட்டு அட்டை, உப்பு கொண்டு போகாததால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது. ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போகிறவர்கள் பணம் கட்டும் முன் வீடியோ காலில் வீட்டையும் வாசலையும் காட்டச் சொல்லுங்கள், லொகேஷன் வாங்கி, மலைக்கு மேலா கீழா என்று மேப்பில் பாருங்கள். காட்டுக்குள் போகிற அனுமதியை வனத்துறையிடம் நேரே கேளுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். நான் ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத்தான் அழைத்தேன், புகார் எண் கிடைத்தது, பணம் இதுவரை வரவில்லை. ஹோம்ஸ்டே நம்பரில் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

நேற்று மனைவியின் போனில் தேடினேன். அதே நம்பர், அதே நாலு தாரை. ஊர் மட்டும் குத்ரேமுகம் என்று மாறியிருக்கிறது.