கிளினிக் கொப்பியயும் நோயாளி போட்டோவயும் யார் கையிலயும் குடுக்காதீங்க – எங்க அம்மாவுக்கு நடந்தது

எல்லாருக்கும் வணக்கம். இத எழுதுறதா வேணாமான்னு மூணு மாசமா யோசிச்சிட்டே இருந்தேன், அப்பாவுக்கு வெக்கம், தம்பிக்கு கோவம், எனக்கு எழுத உக்காந்தாலே அழுக வந்துரும். ஆனா போன வாரம் பக்கத்து தோட்டத்துல ஒரு வீட்டுக்கு இதே மாதிரி உதவிக் காசு எடுத்துத் தாரேன்னு ஒரு ஆள் ஃபைலோட வந்துட்டு போயிருக்கான், அங்கயும் கேன்சர் நோயாளிதான், அதக் கேட்டதுக்கப்புறம் சும்மா இருக்க முடியல. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்து வாசிங்க, தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க.

எங்க அம்மா இலங்கை மலையகத்துல பொகவந்தலாவ பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. சின்ன வயசுல மலைக்கு எறங்குனவங்க, 47 வயசு வரைக்கும் பேர் (ஒரு நாள் வேலைக்கு பதியுற சம்பளம்) விடாம வேல செஞ்சாங்க. 2023 கடைசில கன்னத்து உள்பக்கம் ஒரு புண்ணு வந்துச்சு. வெத்தில போடுற வாய்தானே, சுண்ணாம்பு சுட்டிருக்கும்னு அவங்களும் நெனச்சாங்க நாங்களும் நெனச்சோம். வாயில புண்ணு மூணு வாரத்துக்கு மேல ஆறாம இருந்தா உடனே காட்டணும்னு இப்ப எனக்கு தெரியுது, அப்ப தெரியாது. பொயில இல்லாம வெறும் பாக்கு வெத்தில போட்டாலும் பாக்குல இருந்தே வரும்னும் அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க வீட்டுல அம்மா, அப்பாயி வெத்தில போடுறாங்கன்னா இன்னைக்கே வாயத் தொறந்து காட்டச் சொல்லி லைட் அடிச்சு பாருங்க, வெள்ளையா செவப்பா தடிப்பு இருந்தாலும் விட்டுராதீங்க.

டிக்கோயா ஆஸ்பத்திரில காட்டி, அங்கருந்து கண்டிக்கு அனுப்பி, ஒபரேஷன் செஞ்சு, அதுக்குப் பொறவு கரண்ட் வைக்கிறதுன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்களே அந்த கதிர் சிகிச்ச, வாரத்துல அஞ்சு நாள்னு ஆறு வாரம். இதுல ஒண்ணுக்கும் ஆஸ்பத்திரில ஒரு சதம் வாங்கல. ஆனா காலைல நாலு மணிக்கு இருட்டுல எறங்கி நோர்வூட் வந்து, ஹட்டன் வந்து, கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளன்னு கண்டிக்கு போயி வர்ற பஸ் காசு, கூட போற ஆளோட சாப்பாடு, அதுக்கு மேல அம்மாவுக்கு பேர் இல்ல, கூட போற அன்னைக்கு அப்பாவுக்கும் பேர் இல்ல. மருந்து எலவசம்னு வெளிய இருந்து சொல்றவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. நான் கொழும்புல ஒரு துணிக்கடைல நிக்கிறேன், அந்த சம்பளத்துலதான் வீடு ஓடுச்சு, தம்பி ஏஎல் படிச்சிட்டு இருந்தான்.

2024 ஒக்டோபர்ல கழுத்துல திரும்ப கட்டி வந்துச்சு. டாக்டர் சிங்களத்துல சொன்னது அப்பாவுக்கு பாதிதான் வெளங்குச்சு, ஒரு நர்ஸ் மிஸ்ஸி வெளிய கூட்டிட்டு வந்து தமிழ்ல சொன்னாங்க, "ஐயா இனி வெட்டவும் ஏலாது, கரண்டும் வைக்க ஏலாது, அம்மாவுக்கு நோவு இல்லாம பாத்துக்குவம்"னு. அப்பா அப்பயும் "அப்ப எப்ப மிஸ்ஸி சொகமாகும்"னு கேட்டாராம். அந்த மிஸ்ஸி அப்பாவோட கையப் புடிச்சிக்கிட்டு நின்னாங்களாம், பதில் சொல்லலயாம்.

வீட்டுக்கு வந்தப்ப மூக்கு வழியா டியூப் போட்டிருந்தாங்க. கஞ்சி, சமபோஷா எல்லாம் தண்ணியா கரைச்சு சிரிஞ்சுல விடணும். நோவுக்கு மோர்பின் குளிச, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இடிச்சு தண்ணில கலக்கி டியூப்ல விடணும். எல்லா மோர்பினையும் அப்படி இடிக்கக் கூடாதாம், மெதுவா வேல செய்ற குளிச வேற இருக்கு, அத இடிச்சா ஆபத்து, அதனால எது எதுன்னு கேட்டுட்டுத்தான் செய்யணும்னு படிச்சுப் படிச்சு சொல்லிக் குடுத்தாங்க. புண்ணுல வாட வந்தப்ப அதுக்கும் ஒரு குளிசய தூளாக்கி மேல தூவ காட்டிக் குடுத்தாங்க, நெசமாவே வாட கொறஞ்சிச்சு. அம்மாவுக்கு நோவ விட அந்த வாடதான் பெரிய கவல, யாராவது வந்தா வாசல் இஸ்தோப்புலயே நிறுத்திருவாங்க, சீலத் தலைப்பால கன்னத்த மூடிக்குவாங்க, அப்பா முன்னுக்கு கூட தொறக்க மாட்டாங்க. லயத்துல (தோட்டத்து வரிச வீடுகள்ல) சில பேரு மோர்பின் சாகப் போறவங்களுக்கு குடுக்குறது, பழகிருச்சுன்னா விட முடியாதுன்னு பயங்காட்டுனாங்க. ஆனா அத குடுத்த நாள்லதான் எங்கம்மா ராத்திரி தூங்குனாங்க, எந்திரிச்சு உக்காந்து தம்பிக்கு தலைல எண்ண வச்சு விட்டாங்க. அது எனக்கு போதும்.

இந்த நேரத்துலதான் அந்தாளு வந்தான்.

கிளினிக் வரிசைலதான் அப்பாவ புடிச்சிருக்கான். பக்கத்துல உக்காந்து, தன்னோட அம்மாவும் இப்படித்தான் போனாங்கன்னு கண்ணு கலங்கி பேசியிருக்கான். வயசு நாப்பதுக்குள்ள இருக்கும், வெள்ள சேர்ட், கையில பிளாஸ்டிக் ஃபைல், தமிழும் சிங்களமும் நல்லா பேசுவான். அவன் சொன்னது ரெண்டு விஷயம். ஒண்ணு, நோயாளிகளுக்கு உதவுற ஜனாதிபதி நிதியத்துல இருந்து பத்து லட்சம் எடுத்துத் தரலாம், கொழும்புல உள்ளுக்கு ஆள் இருக்கு. ரெண்டாவது, அம்மாவுக்கு 50 வயசு ஆகாட்டியும் ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காச இப்பவே எடுத்துத் தரலாம், அதுக்கும் ஆள் இருக்கு. அப்பா பள்ளிக்கூடம் அஞ்சு வரைக்கும்தான், ஆனா வெவரம் இல்லாத மனுசன் இல்ல, கவ்வாத்து மலைல கத்தி புடிச்சு முப்பது வருசம் வேல செஞ்ச ஆளு. அந்த நேரத்துல "காசு வந்தா வெளிய பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்"னு ஒரு வார்த்தய அவன் போட்டான் பாருங்க, அதுல விழுந்துட்டாரு. டாக்டர் கைய விரிச்ச பொறவு வர்ற ஆள் பேச்சு எவ்வளவு இனிக்கும்னு பட்டவங்களுக்குத்தான் தெரியும். நானும் ஃபோன்ல பேசுனேன், எனக்கும் சந்தேகம் வரல, "தங்கச்சி நீங்க கவலப்படாதீங்க"ன்னு அண்ணன் மாதிரி பேசுனான்.

முதல்ல ஃபைல் போட 15,000. அது நான் சேத்து வச்சது. ரெண்டாவது தடவ மேல இருக்கவங்களுக்கு குடுக்கணும்னு 24,000, அதுக்கு அம்மாவோட தோடும் மூக்குத்தியும் ஹட்டன்ல அடகுக்கு போச்சு. மூணாவது டிசம்பர்ல, "காசு பாஸாயிருச்சு, கடைசி கையெழுத்துக்கு 15,000 மட்டும்"னு சொன்னான், எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. லயத்துல ஒரு அண்ணன் வெள்ள பேப்பர் எடுத்து பேர் எழுதி வீடு வீடா போனாரு. 200, 500, ஒரு பாட்டி 100. நல்லதண்ணி (சிவனொளிபாதமல) சீசன் தொடங்கி ஹட்டன் டவுன்ல ஒரே கூட்டம், மல்லியப்பு சந்தில வச்சு அந்த நோட்டுகள அப்பா எண்ணி எண்ணி அவன் கையில குடுத்திருக்காரு. மொத்தம் 54,000. அப்ப ஒரு நாள் பேரு 1,350 ரூபா, நாப்பது நாள் மலைக்குப் போனா கெடைச்ச காசு.

ஆனா நான் இத எழுதுறது அந்தக் காசுக்காக இல்ல.

அந்த மூணாவது தடவ அவன் ஃபைல்ல சேக்கணும்னு அம்மாவோட கிளினிக் கொப்பி (நோயும் மருந்தும் எழுதுற நோட்டு), டயக்னோசிஸ் கார்ட், ஐசி (அடையாள அட்ட) மூணையும் ஒரிஜினலா கேட்டிருக்கான். ஃபோட்டோ கொப்பி செல்லாதாம். அம்மாவுக்கு எழுத வாசிக்க தெரியாது, ஆனா அந்தக் கொப்பிய சிலிசிலி பேக்குல சுத்தி தலகாணிக்கு கீழதான் வச்சிருப்பாங்க, மழ பெஞ்சா முதல்ல அதத்தான் தடவிப் பாப்பாங்க. மூணு நாள்ல திருப்பித் தாரேன்னு வாங்கிட்டு போனவன் ஃபோன ஓஃப் பண்ணிட்டான்.

டோஸ் கூட்டிக் குடுத்ததால குளிச முடியுற நாள் முந்திருச்சு. கொப்பி இல்லாம போனா மருந்து தர மாட்டாங்கன்னு அப்பா நெனச்சுட்டாரு, அவன் வந்துருவான் வந்துருவான்னு காத்துட்டு இருந்துட்டாரு. எனக்கும் சொல்லல, கேட்டப்ப எல்லாம் "இருக்கு புள்ள, இருக்கு"ன்னாரு. நாலு ராத்திரி. தம்பிதான் சொன்னான், அம்மா சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு சீலத் தலைப்ப கைல சுருட்டி நெத்தில அழுத்திக்கிட்டு செவரப் பாத்து உக்காந்திருந்தாங்களாம். நடுச் சாமத்துல தம்பியப் பாத்து கையால கொப்பி மாதிரி தொறந்து காட்டி எங்கன்னு கேட்டாங்களாம். அதுக்கு அவன் என்னத்த சொல்லுவான்.

அஞ்சாவது நாள் விஷயம் தெரிஞ்சு நான் லீவு போட்டு வந்து, அம்மாவ வேன்ல ஏத்திட்டு கண்டிக்கு போனோம், வேனுக்கு வேற கடன். போனா டாக்டர் ஏசல, ஒரு வார்த்த ஏசல. அங்க இருக்க பதிவுல தேடி எடுத்து புதுக் கொப்பி போட்டு மருந்து குடுத்தாங்க. கொப்பி தொலஞ்சா மருந்து இல்லாம இருக்க வேணாம், முதல் நாளே கிட்ட இருக்க ஆஸ்பத்திரிக்கு வந்து சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருப்பமேன்னு அந்த மிஸ்ஸி சொன்னாங்க. தயவு செஞ்சு இத மனசுல வைங்க. நோவுல இருக்கவங்கள பேப்பர் இல்லன்னு வீட்டுல வச்சுக்கிட்டு இருக்காதீங்க. அவசரம்னா 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் வரும், அதுக்கு காசு இல்ல, எங்களுக்கு அந்த நேரம் அது ஞாபகத்துக்கே வரல.

இதோட முடிஞ்சிருந்தா கூட பரவால்லன்னு இருந்திருப்பேன். ஜனவரில டுபாய்ல இருக்க மாமா மகன் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புனான், "அக்கா இது அத்ததானே"ன்னு. எங்கம்மா படம். கன்னத்துல சீல இல்லாம, புண்ணோட, கேமராவப் பாத்துட்டு இருக்காங்க. மேல "அவசர உதவி"ன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி, கீழ ஒரு பேங்க் எக்கவுண்ட் நம்பர். அது எங்க நம்பர் இல்ல. ஃபைலுக்கு நோயாளி படம் வேணும்னு சொல்லி அந்தாளு வீட்டுக்கு வந்த அன்னைக்கு எடுத்த போட்டோ. எங்ககிட்டயே மூடி வச்சிருந்த மொகத்த, அந்தக் காசு வந்தா புள்ளைக்கு படிக்க ஆகும்னு நெனச்சு அம்மா அவனுக்கு தொறந்து காட்டியிருக்காங்க. அத ஊரெல்லாம் ஷேர் பண்ணியிருந்தாங்க, கமெண்ட்ல காசு போட்டுட்டேன்னு எத்தன பேரு. நாங்க ஒவ்வொருத்தரா சொல்லி ரிப்போர்ட் அடிச்சு அந்தப் போஸ்ட் போச்சு, ஆனா வேற பேர்ல திரும்ப வந்துச்சு. அம்மாவுக்கு இத நாங்க கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. பெப்ரவரில, தம்பி மடில தல வச்சிருக்கும்போது போனாங்க. அன்னைக்கு நோவு இல்ல, மருந்து இருந்துச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நானே அலைஞ்சு கேட்டு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்க யாருக்கும் ஒரு சதம் குடுக்கத் தேவயில்ல. முந்தி கொழும்போட இருந்த விஷயம், அதனாலதான் "எனக்கு ஆள் இருக்கு"ன்னு சொல்றவன நம்ம நம்புனோம், 2025 பெப்ரவரில இருந்து நம்ம பிரதேச செயலகத்துலயே குடுக்கலாம். எங்கம்மா போன அதே மாசம். ஈபிஎப்பும் அப்படித்தான், பொம்பளைக்கு 50, ஆம்பளைக்கு 55ன்னாலும் நோயால இனி வேலயே செய்ய ஏலாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா வயசுக்கு முந்தியே முழுசா கேக்க வழி இருக்கு, அதுக்கு புரோக்கர் வேணாம், லேபர் ஒபிஸ் போதும். காசு வர்றது அவங்கவங்க பேங்க் கணக்குக்குத்தான், வேற ஒருத்தன் கை வழியா வராது. அவன் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் கேட்டிருக்கான், நல்ல காலம் தம்பி குடுக்க விடல.

கொப்பி, கார்ட், ஐசி யார் கேட்டாலும் ஃபோட்டோ கொப்பி மட்டும் குடுங்க, அந்த ஃபோட்டோ கொப்பி மேலயே எதுக்குன்னு எழுதிட்டு குடுங்க. இப்பவே கிளினிக் கொப்பியோட ஒவ்வொரு பக்கத்தயும் ஃபோன்ல படம் எடுத்து வைங்க, முக்கியமா மருந்து எழுதின பக்கத்த. நோயாளி மொகத்த படம் எடுக்க விடாதீங்க. வெளிநாட்டுல இருக்க நம்ம ஆளுங்க, உதவி செய்ய நெனச்சா தோட்டத்துல யாராவது ஒருத்தர்கிட்ட கேட்டு, அந்த வீட்டு ஆளோட வீடியோ கோல்ல பேசிட்டு அனுப்புங்க. உங்க நல்ல மனசத்தான் அவன் வித்துட்டு இருக்கான்.

பொலிஸ்ல முறைப்பாடு குடுத்திருக்கோம். அவன் சொன்ன பேரு பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு, அதனால இங்க எழுதல. இதே மாதிரி உங்க லயத்துக்கும் யாராவது வந்திருந்தா, ரிசீட் இல்லன்னாலும், வெக்கப்படாம போயி எழுதிக் குடுங்க, எங்க ஒரு முறைப்பாட்ட விட பத்து இருந்தா பாப்பாங்க.

அம்மாவோட ஈபிஎப்புக்கு இப்ப அப்பா ஃபோம் நிரப்பிக் குடுத்திருக்காரு. லேபர் ஒபிஸ்ல இருந்தவரே தமிழ்ல கேட்டு நிரப்பித் தந்தாரு, ஒரு டீ கூட வாங்கிக்கல. அந்த வெள்ள பேப்பர் இன்னும் வீட்டுல சாமி படத்துக்குப் பின்னால இருக்கு, 41 பேர். காசு வந்ததும் மேல இருந்து வரிசயா குடுத்துட்டு வரணும்னு அப்பா சொல்லியிருக்காரு, அந்தப் பாட்டியோட நூறு ரூபாய்ல இருந்து.