கார் ஏசி: நானே பார்க்கும் வேலைகளும் கடைக்கு விடும் வேலையும்

ஏசி சரியாகக் குளிரவில்லை என்று கடைக்குப் போனால், பானெட்டைத் திறக்கும் முன்பே "கேஸ் கம்மியா இருக்கும் சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்பார்கள். ஏசிக்குள் சுற்றிக் குளிர்விக்கும் வாயுதான் இந்த கேஸ். எங்கள் 2014 மாடல் ஹேட்ச்பேக்கின் ஏசியைச் சில வருடங்களாக நானே கவனித்து வருகிறேன். குளிர் குறைந்தபோதெல்லாம் பெரும்பாலும் காரணம் தூசிதான்.

முதலில் கேபின் ஃபில்டர், வண்டிக்குள் வரும் காற்றின் தூசியை வடிகட்டுவது. க்ளவ் பாக்ஸை இறக்கினால் பின்னால் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். மதுரைப் புழுதிக்கு, வண்டியோடு வந்த புத்தகத்தின் கிலோமீட்டர் கணக்கு சரிப்படவில்லை. காற்று வேகம் குறைந்தாலே கழற்றிப் பார்த்துவிடுவேன். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. ரொம்பக் கறுத்திருந்தால் புதிது போடுவதுதான் வழி.

அடுத்தது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சர், கேஸின் சூட்டை வெளியே விடும் பாகம். திருமங்கலம் ரோட்டில் ஜில்லென்று வந்த வண்டி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் வெதுவெதுவென்று ஆனால் இதையும், ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். இன்ஜின் ஆறிய பிறகு சாதாரண ஓஸ் பைப் தண்ணீரே போதும். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், அப்புறம் காற்று புகாது.

ஏசி போட்டால் வரும் நாற்றத்துக்கு ஃபோம் ஸ்பிரே அடித்தேன். கொஞ்ச காலம் நன்றாக இருந்தது, திரும்பவும் வந்தது. வீடு வந்து சேரச் சில நிமிடம் முன்பே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுவது அதைவிட நல்ல பலன் தருகிறது. ஈரமான கூலிங் காயில் காய்ந்துவிடும், பூஞ்சை பிடிக்காது. காலடி மேட் நனைந்தால், ஏசித் தண்ணீரை வெளியேற்றும் ட்ரெயின் பைப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேஸில் மட்டும் நான் கை வைப்பதில்லை. ஆன்லைனில் ஒற்றை மீட்டரோடு சின்ன கேன் கிடைக்கிறது. ஆனால் கேஸை அளப்பது எடையால். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே இருக்கும். மீட்டர் காட்டும் அழுத்தமோ வெயிலுக்குத் தக்கபடி மாறும். கூடிப்போனாலும் குளிர் குறையும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கும் கேடு. பல வண்டிகளில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது, தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். புதிய வண்டிகள் சிலவற்றில் வரும் ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றும் வகை, இரண்டையும் கலக்கவும் கூடாது. லீக் அடைக்கும் திரவம் கலந்த கேனென்றால் கிட்டேயே போகாதீர்கள்.

கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. வேகமாகக் குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. எங்கள் வண்டியில் ஒரு பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு அழுக்கு ஒட்டியிருந்ததைக் காட்டி, அங்கிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றச் சொன்னேன். வேக்யூம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து நிரப்பினார்கள். அதற்குப் பிறகு கேஸ் பக்கம் போகவே இல்லை.

வாங்கியதில் உருப்படியானது ஒரு சின்ன தெர்மாமீட்டர். நடு வென்டில் செருகி, ரீசர்குலேஷனில் (உள்காற்றே சுற்றும்படி) ஓடவிட்டால் எங்கள் வண்டிக்குப் பத்து டிகிரிக்குள் வர வேண்டும். ஏறினால் ஃபில்டரிலிருந்து ஆரம்பிப்பேன். அடுத்து மாற்ற வேண்டியது கம்ப்ரஸர் பெல்ட். அது கடைக்குத்தான், எங்கள் வண்டியில் அந்த இடத்தில் கை நுழையாது.