முதலில் 'டொக்' கேட்கிறதா என்று பாருங்கள்: ஒரு பழைய யாஷிகா வாங்கிய கதை

யாழ்ப்பாணத்தில் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கமெரா (தனிக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தூரம் பொருத்தும் ஃபிலிம் கமெரா) ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். 95 ஒக்ரோபரில் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் இருந்து கல்யாண அல்பம் கூட வந்தது, கமெரா வரவில்லை. அதனால் பஸ் ஸ்ராண்ட் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில், ஓடாத ரேடியோவுக்கும் ஸ்திரிக்கைப்பெட்டிக்கும் நடுவில் யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜி.எஸ்.என். ஒன்று தோல் உறையோடு இருந்ததைப் பார்த்ததும் கால் தானாக நின்றுவிட்டது. 38,000 ரூபா என்றார் கடைக்கார அண்ணை. "வெளிநாட்டுக்குப் போன ஆக்கள் விட்டிட்டுப் போனது தம்பி, ஒரு குறையும் இல்லை." குறை இல்லாத பழைய கமெராவை நான் இன்னும் பார்க்கவில்லை. சரி, பார்ப்போம் என்று கையில் எடுத்தேன். முக்கால் கிலோ அளவு பாரம். கழுத்தில் போட்டால் இருப்பது தெரியும்.

எலெக்ட்ரோ 35 முதலில் 1966இல் வந்தது, இந்த ஜி.எஸ்.என். 1973இல். லென்ஸ் 45 மி.மீ., எஃப் 1.7, அதாவது வெளிச்சம் நிறைய விடும் பெரிய திறப்பு (எஃப் எண் கூடக் கூடத் திறப்புச் சிறிதாகும்). இதை வைத்துத்தான் இன்றைக்கும் ஆட்கள் இதைத் தேடுகிறார்கள், தேடுவதில் நியாயமும் இருக்கிறது. அப்பேச்சரை, அதாவது அந்தத் திறப்பின் அளவை, நாம் வைப்போம், ஷட்டர் வேகத்தைக் கமெரா தானே பார்த்துக்கொள்ளும். வேகத்தைக் கையால் வைக்க வழியே இல்லை, அதை வாங்கும் முன்பே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மொடலில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணால் அல்ல, காதால். ஃபிலிம் றோலைச் சுற்றும் லீவரை இழுக்கும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். உள்ளே ஒரு சின்ன றப்பர் துண்டு இருக்கிறது, காலப்போக்கில் அது பிசின் மாதிரி உருகி உதிர்ந்துவிடும். உதிர்ந்தால் சத்தம் போய்விடும், கமெராவின் வெளிச்சக் கணக்கும் குழம்பிவிடும். திருத்தலாம், ஆனால் முழுக்கக் கழற்ற வேண்டும், அதைச் செய்யத் தெரிந்த ஒருவரை இங்கே நான் காணவில்லை. கடையில் ஒரே சத்தம், வெளியே கொண்டக்டர்மார் கத்துகிறார்கள். கமெராவைக் காதோடு வைத்து நாலு தரம் இழுத்தேன். டொக். மெல்லியதுதான், ஆனால் நாலு தரமும் கேட்டது. அது கேட்டிருக்காவிட்டால் 10,000க்குத் தந்தாலும் திரும்பி வந்திருப்பேன்.

அடுத்தது பற்றரி. இதற்கென்று இருந்த 5.6 வோல்ற் பாதரசப் பற்றரி இப்போது இல்லை. கடைக்காரருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, "போட்டால் வேலை செய்யும்" என்பதோடு சரி. பற்றரி அறையைத் திறந்து பார்த்தேன், பச்சைக் களிம்பு இல்லை, நல்ல சகுனம். வாங்கிய மற்ற நாள் மணிக்கூடு திருத்தும் ஐயா ஒருவரிடம் எல்.ஆர். 44 நாலு வாங்கினேன். நாலும் சேர்ந்தால் 6 வோல்ற், அது போதும். ஆனால் குழாய் நீளம், பற்றரி கட்டை. ஐயா நாலையும் கடதாசியில் சுருட்டி, மிச்ச இடத்துக்குப் பழைய பேனை ஒன்றின் ஸ்பிரிங்கைப் போட்டார். பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தியதும் பச்சை லைற் எரிந்தது. என்னை விட ஐயாவுக்குத்தான் சந்தோசம்.

அவர் சொன்ன ஒரு விசயம் மனதில் நின்றுவிட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வராதே, அப்போது இந்த மாதிரிக் கமெரா வைத்திருந்த ஒருவர் மத்தியான வெயிலில் மட்டும் படம் எடுப்பாராம். கேட்க விளையாட்டுப் போல இருந்தாலும் கணக்குச் சரியாகவே வருகிறது: பற்றரி இல்லாமல் இந்தக் கமெரா 1/500 செக்கன் என்ற ஒரே வேகத்தில் இயங்கும், 400 ஐ.எஸ்.ஓ. (றோல் வெளிச்சத்தை உணரும் அளவு) றோலுக்கு நல்ல வெயிலில் எஃப் 16இல் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அதுதான்.

ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிக்கத் தூரம் வேண்டும். அண்ணையிடம் என் போனை அடகு வைத்துவிட்டு கமெராவோடு மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும் இடம் வரை நடந்தேன். கண்ணாடிக்குள் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும், அதற்குள் ஒரே காட்சி இரண்டாக விழும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. கடைசித் தூரத்துக்குத் திருப்பியபோது கோபுரம் பக்கவாட்டில் அச்சொட்டாகப் பொருந்தியது, மேலே மட்டும் ஒரு மயிரிழை விலகல், கோபுரம் தன் தலைக்கு மேலே இன்னொரு தொப்பி போட்ட மாதிரி. பக்கவாட்டில் விலகல் என்றால் படம் கலங்கும், விட்டுவிட வேண்டும். மேல் கீழ் விலகல் கண்ணுக்குத் தொந்தரவு, படத்துக்கு இல்லை. ஆனால் விலை பேசும்போது நான் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை.

பூஞ்சணம் இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும், நம் மாரிகாலத்தில் தோல் உறைக்குள் போட்டு அலுமாரியில் பூட்டி வைத்தால்? போன் லைற்றை ஒரு பக்கத்தால் அடித்து மற்றப் பக்கத்தால் பார்த்தேன், பின் கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி இரண்டு கீற்று. நடுவில் இல்லை. ஓரக் கீற்று சாதாரணமாகப் படத்தில் தெரியாது, நடுவில் பரவி இருந்தால் படம் முழுக்கப் புகை பிடித்த மாதிரி வரும். கமெராவை இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிஸ்கட் ரின்னில் வைக்கிறேன். உறையை எறிந்துவிட்டேன், அம்மாவுக்குத்தான் மனமில்லை.

24,000க்கு முடிந்தது. என் கணக்கில் சரியான விலை, 30,000க்கு மேல் போயிருந்தால் விட்டிருப்பேன்.

பாவித்த பிறகு சொல்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் நல்லூர் வீதி வெள்ளை மணலில் நின்று 400 றோலோடு எஃப் 1.7ஐத் திறந்தால் சிவப்பு லைற் எரியும், வெளிச்சம் கூட என்று. எஃப் 16 வரை மூட வேண்டி வருகிறது, பிறகு எதற்கு அந்த லென்ஸ்? அதனால் பகல் படத்துக்கு 100 அல்லது 200 போடுங்கள். பொழுதுபட்ட பிறகு விறாந்தையில் ஒரு ஆள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் இந்தக் கமெரா தன்னைக் காட்டுகிறது, முகம் கூர்மையாக, பின்னால் வாழைமரம் எல்லாம் கரைந்துபோய். ஷட்டர் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. ஒரு எச்சரிக்கை, நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை, ஆகவே மூடியைக் கழற்றாமலே படம் எடுக்கலாம். நான் நாலு எடுத்தேன்.

கமெரா விலையோடு செலவு முடியும் என்று நினைத்தால் வாங்காதீர்கள். றோலைக் கொழும்பில் இருந்து எடுப்பித்தேன், கழுவி ஸ்கான் பண்ணவும் அங்கேதான் கூரியரில் அனுப்பினேன், படம் கண்ணில் பட இரண்டு கிழமை. முதல் முதலாக றோல் கமெரா தொடுபவர் என்றாலும் இதை நான் சொல்ல மாட்டேன், பற்றரி இல்லாமலும் எல்லா வேகத்திலும் ஓடும் ஒன்றைத் தேடுங்கள், கனோனெற் கியூ.எல். 17 மாதிரி.

முதல் றோலில் ஒரு தவறு முழுக்க என்னுடையது. பின்மூடி ஓரத்து ஸ்பொஞ்ச் தொட்டால் கையில் ஒட்டும் நிலையில் இருந்தது, பார்த்தும் பேசாமல் இருந்தேன். வெளிச்சம் புகுந்துவிட்டது. அம்மம்மாவின் படத்தில் இடது பக்கம் முழுக்கச் செம்மஞ்சள் கோடு. "என்னடா, தலைமுடியில நெருப்புப் பத்தினது போல கிடக்கு" என்றார். பழைய ஸ்பொஞ்சைச் சுரண்டி எடுத்து, கறுப்புக் கம்பளி நூலை ஒட்டிவிட்டேன். இப்போது இரண்டாவது றோல் 11ஆவது படத்தில் நிற்கிறது, மழை விட்டால் மிச்சத்தை எடுக்கலாம்.