1:18, 1:43, 1:64: ஒரே அலமாரிக்கு எந்தப் பந்தயக் கார்?

பாளையங்கோட்டை வீட்டின் முன்னறையில் எனக்கு இருப்பது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி. மூன்றடி அகலம், முக்கால் அடி ஆழம், நான்கு தட்டுகள். டை-காஸ்ட், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பந்தயக் கார் மாடல்களைச் சேர்க்கத் தொடங்கும் எவரிடமும் நான் முதலில் சொல்வது, அலமாரியை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள் என்பதுதான்.

2005-ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 கார் ஏறத்தாழ நாலரை மீட்டர் நீளம். 1:18 அளவில், அதாவது நிஜக் காரின் பதினெட்டில் ஒரு பங்காகச் செய்தால், அது 25 செ.மீ., 1:43-இல் பத்தரை, 1:64-இல் ஏழு. என் அலமாரியில் 1:18 கார் மூக்கை நீட்டி நிற்க முடியாது. பக்கவாட்டில் நிறுத்தினால் தட்டுக்கு மூன்று. 1:43 என்றால் இரண்டு வரிசையில் தாராளமாக இருபத்தைந்து கொள்ளும்.

1:64 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹாட் வீல்ஸ் 1968 முதல் வருகிறது, விலை குறைவு, பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். ஆனால் அந்த விகிதத்தை அப்படியே நம்பக் கூடாது. அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானில் அம்மியும் அடுப்பும் குடமும் ஒரே அளவில் இருக்குமே, அதே கதைதான். பெரிய காரும் சிறிய காரும் ஒரே அட்டைக்குள் அடங்கும்படி கூட்டிக் குறைத்துச் செய்யப்படுகின்றன. விளையாட அது போதும். இரண்டு கார்களை அருகருகே வைத்து எது நீளம், எது தாழ்வு என்று பார்க்க விரும்புகிறவருக்குப் போதாது.

1:18-இன் அழகை நான் மறுக்கவே மாட்டேன். நண்பரிடம் ஒரு ஃபெராரி 312 டி4 இருக்கிறது. 1979-இல் ஜோடி ஷெக்டர் உலகப் பட்டம் வென்ற கார். மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இருபுறமும் படுத்துக் கிடக்கிறது. நூல் பருமனில் வயர்கள், ஒன்றையொன்று தழுவி வளையும் புகைக்குழாய்கள். அரை மணி நேரம் பார்த்தேன், கீழே வைக்க மனம் வரவில்லை. ஒரே காரை ஆழமாக நேசிக்கிறவர்களுக்கு இதுவே சரி.

என் தேர்வு 1:43. இந்த விகிதம் பொம்மை ரயிலிலிருந்து வந்தது: ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற பழைய ஓ கேஜ் கணக்கு. இதில் ஒரு காரை மட்டுமல்ல, ஒரு பந்தயத்தையே நிறுத்தலாம். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயம். மிஷலின் டயர்கள் பாதுகாப்பில்லை என்று பதினான்கு கார்கள் அணிவகுப்புச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு மட்டுமே ஓடின. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 19-ஆம் எண் மஞ்சள் ஜோர்டானில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஆறு பேர்தானே ஓடினார்கள் என்று குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அந்த ஆண்டு அந்தக் காரில் புள்ளி எடுப்பதே பெரிய வேலை என்பேன் நான். ஆறு கார்களுக்கும் ஒன்றரைச் சாண் இடம் போதும்.

1:43-க்குள்ளும் எந்த நிறுவனத்தின் கார் என்ற தேர்வு உண்டு. புராகோ மலிவு, சக்கரங்கள் கொஞ்சம் தடிமனாக இருக்கும். ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் பல மடங்கு விலை, ஆனால் இறக்கைத் தகடுகளின் மெல்லிசு தனி. ஸ்பார்க் செய்வது பெரும்பாலும் உலோகமல்ல, ரெசின் என்ற வார்ப்புப் பிளாஸ்டிக். துத்தநாகக் கலவையை வார்க்க எஃகு அச்சு வேண்டும், அதன் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். ரெசினுக்கு சிலிக்கோன் ரப்பர் அச்சே போதும். அதனால் கடைசி வரிசையில் ஓடிய கார்கள் பலவும் ரெசினில்தான் கிடைக்கின்றன. விளிம்புகளும் கூர்மை. இருந்தும் நம் ஊர்க் கத்தரி வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியில், மெல்லிய ரெசின் இறக்கை வளையக்கூடும். இரண்டும் கிடைத்தால் உலோகத்தையே எடுங்கள். உலோகக் காருக்கும் வெயிலில் ஒரு தொல்லை உண்டு: டயரை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் கசிந்து பிளாஸ்டிக் பீடத்தை இளக்கும். ஒரு கோடையில் ஒரு காரைத் தூக்கியபோது பீடமும் சேர்ந்தே வந்தது; நான்கு சக்கரத் தடமும் பள்ளமாகப் பதிந்திருந்தன. இப்போது ஒவ்வொரு டயருக்குக் கீழேயும் ஒரு துண்டுக் காகிதம் வைக்கிறேன். ஆடிக் காற்று கொண்டுவரும் புழுதிக்கு நீர்வண்ணத் தூரிகை. துணி வேண்டாம், ஆண்டெனாவில் மாட்டும்.

வாங்கும்போது பக்கக் கண்ணாடிகளைப் பாருங்கள். கொரியரில் எனக்கு வந்த ஒன்றில் இடப்பக்கக் கண்ணாடி உடைந்து, அரிசிக் குறுணைபோல டப்பாவின் மூலையில் கிடந்தது. ஊசி முனையில் ஒரு துளி பசை எடுத்து ஒட்டினேன். பழைய மெக்லாரன், ஃபெராரி மாடல்களில் சிகரெட் விளம்பர எழுத்துகள் இல்லாமலே வருவதும் உண்டு. அந்த எழுத்துகள் அச்சிட்ட டிகால் தாளைத் தனியாக வாங்கித் தண்ணீரில் ஊறவைத்து நாமே ஒட்ட வேண்டும்.

இண்டியானாபொலிஸ் வரிசையில் ஜோர்டான் இரண்டும் ஃபெராரி இரண்டும் வந்துவிட்டன. மினார்டிகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.