நான்கு கிராபிக்ஸ் கார்டு கணினிக்காகப் பறிபோன 1,36,000 ராண்ட்: தென்னாப்பிரிக்காவில் வாங்கவிருப்போருக்கு எச்சரிக்கை

1,36,000 ராண்ட். கணினி கட்டித் தரும் ஓர் இணையக் கடைக்கு இந்தத் தொகை முழுவதையும் முன்பணமாகச் செலுத்திய எனக்கு வந்து சேர்ந்திருப்பது, வேலையைத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தானாக அணைந்துபோகும் ஒரு பெட்டி. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் கிடங்கு வைத்துக்கொண்டு, ரெண்டரிங்குக்கும் (முப்பரிமாண வடிவங்களைப் படமாக்கும் வேலை) ஏஐ பயிற்சிக்கும் ‘உங்கள் தேவைக்கேற்ப’ கட்டித் தருவதாக விளம்பரம் செய்யும் வகைக் கடை என்று சொன்னால் போதும். இத்தகைய கணினியை வாங்குமுன் எவற்றையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதை முடிவில் எழுதுகிறேன்.

டர்பனில் முப்பரிமாணக் கட்டடக் காட்சிகள் தயாரிப்பது என் தொழில். கோயில் திருப்பணிக் குழு ஒன்றுக்குத் தைப்பூசத்துக்குள் ஒரு காட்சிப்படம் முடித்துத் தர வேண்டியிருந்ததால், ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் நான்கைக் கொண்ட கணினியைக் கேட்டேன். ஒரு கார்டு முழு வேகத்தில் 350 வாட் இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 1,400 வாட். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும் என்பதால், டர்பனின் ஜனவரி மாதத்தில் அது மூடிய அறைக்குள் ஹீட்டரை எரியவிடுவதற்குச் சமம். ஆகவே விலையைக் கேட்பதற்கு முன்பே குளிரூட்டலைப் பற்றித்தான் கேட்டேன். சூட்டைப் பின்பக்கமாகப் பெட்டிக்கு வெளியே தள்ளும் புளோயர் வகைக் கார்டுகள் வேண்டும், இல்லையென்றால் நீர்க்குளிர்விப்பு வேண்டும் என்று எழுத்து மூலமாகவே தெரிவித்தேன்.

விற்பனையாளர் தொலைபேசியில் தமிழிலேயே பேசினார். “வணக்கம் அண்ணா, நீங்க கவலையே படாதீங்க, மூணு ஃபேன் கார்டுதான் சத்தம் கம்மி, நாங்க இடைவெளி விட்டுப் பொருத்திக் கொடுப்போம்” என்றார். மூன்று விசிறிக் கார்டு என்பது சூட்டைப் பெட்டிக்குள்ளேயே விடும் வகை. அன்று மாலையே ஒரு படமும் அனுப்பினார். நான்கு கார்டுகளும் முழு வேலையில் இருப்பதாகவும் ஒவ்வொன்றும் 68 டிகிரியில் நிற்பதாகவும் அதில் தெரிந்தது. பணத்தை அனுப்ப வைத்தது அந்தப் படம்தான். அதன் ஓரத்தில் இருந்திருக்க வேண்டிய வாட் எண்கள் வெட்டப்பட்டிருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறது. என்விடியா நிறுவனத்தின் கார்டுகளான இவற்றுக்கு மென்பொருள் கட்டளை ஒன்றினால் மின் வரம்பு விதிக்கலாம், மின்சாரம் குறைந்தால் சூடும் குறையும். கணினியை மறுபடி துவக்கினால் அந்த வரம்பு அழிந்து பழைய அளவுக்கே திரும்பிவிடும். 200 வாட்டுக்குக் கட்டிப்போட்டு எடுத்த படம் அது என்பதைப் பெட்டிக்குள்ளேயே விட்டுச் சென்றிருந்த அவர்களுடைய சோதனைக் கோப்பு காட்டிக்கொடுத்தது.

வந்து சேர்ந்த கணினியில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை ஓட்டியதும் மின்விசிறிகள் அலறின, சற்று நேரத்தில் எல்லாம் அணைந்தது. நான்கு கார்டுகளுக்கு 1,400 வாட், திரெட்ரிப்பர் ப்ரோ செயலிக்கு 280 வாட், ஆக 1,680 வாட். அவர்கள் வைத்திருந்த மின்வழங்கியோ 1,600 வாட். இந்தக் கூட்டல் அவர்களுக்குத் தெரியாதா? நானே ஒவ்வொரு கார்டையும் 250 வாட்டுக்குக் குறைத்த பிறகு அணைவது நின்றது. சூடு குறையவில்லை. கார்டின் மைய வெப்பநிலை ஒழுங்காகத் தெரிந்தபோதும் நினைவகச் சில்லுகளின் வெப்பநிலை 108, 110 என்று ஏறி, வேகம் பாதியாக விழுந்தது.

ஆளை அனுப்பிப் பார்க்கக் கடை மறுத்துவிட்டதால், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் நண்பரிடம் எடுத்துச் சென்றேன். இரண்டு கார்டுகள் ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டியபடி இருந்தன. மேல் கார்டு கீழ் கார்டின் சூட்டையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் காற்று உள்ளே வரவேண்டிய முன்பக்க விசிறிகளை மறைத்து நிறுத்தியிருந்தார்கள். 3090 கார்டில் 24 நினைவகச் சில்லுகளில் 12 பலகையின் பின்புறத்தில் இருப்பதால், முதுகுப் பக்கத்துக்குக் காற்று கிடைக்காவிட்டால் அவைதான் முதலில் வேகும். நண்பர் கார்டுகளைப் பிரித்தபோது சில்லுகளின் சூட்டைக் கடத்தும் வெப்பத் திண்டுகள் எண்ணெய் கசிந்து காய்ந்து போயிருந்தன, குளிரூட்டும் தகடுகளில் பிசுபிசுத்த தூசு அடைந்திருந்தது. ‘புதுப்பிக்கப்பட்டவை, மைனிங்கில் ஓடாதவை’ என்று விலைப்பட்டியலில் எழுதி விற்ற கார்டுகள் இவை. மைனிங் என்பது மின்நாணயம் ஈட்டுவதற்காகக் கார்டுகளை இரவு பகலாக ஓடவிடுவது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற மின்நாணயத்தின் மைனிங் நின்ற பிறகு உலகெங்கும் சந்தைக்கு வந்து குவிந்த கார்டுகளின் கோலம் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தன. என்னை மிகவும் எரிச்சலூட்டியது வேறொன்று. 128 லேன் (கார்டுகளுக்குத் தரவு செல்லும் தடம்) உள்ள செயலிக்கு என்னிடம் பணம் வாங்கிவிட்டு, முன்பக்கத்துக் கார்டுகள் இரண்டையும் மைனிங்காரர்கள் பயன்படுத்தும் ஒற்றை லேன் ரைசர் என்னும் இணைப்பியில் மாட்டியிருந்தார்கள்.

அதன்பின் நடந்ததுதான் இதைவிடக் கேவலம். டர்பனின் ஈரப்பதமே காரணம் என்றார்கள் முதலில். அறை பத்து டிகிரி கூடுதலாக இருந்தால் கார்டும் ஏறத்தாழப் பத்து டிகிரிதான் கூடும், ஈரப்பதத்துக்கு இதில் வேலையே இல்லை என்று பதில் எழுதினேன். அடுத்து வீட்டு வயரிங் மீது பழி போட்டார்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் பிளக் 3,600 வாட்டுக்கு மேல் தரும் என்றதும் லோட் ஷெடிங்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் எங்கள் பகுதியில் மின்வெட்டே கிடையாது. கடைசியில், சீல் உடைந்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாது, உங்கள் விருப்பப்படி கட்டிய பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டார்கள். அண்ணா என்று அழைத்தவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. 1,36,000 ராண்ட் அவர்களிடம், திருப்பணிக் குழுவுக்குத் தரவேண்டிய படம் பாதியில்.

‘விருப்பப்படி கட்டியது’ என்பது இணைய வணிகச் சட்டத்தின்படி ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் உரிமைக்குத்தான் விலக்கு. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு தனியானது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் கடையின் செலவிலேயே திருப்பி அனுப்பி, பழுது நீக்கல், மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று வாங்கியவரே கேட்க அது இடம் தருகிறது. அதன்படி 1,36,000 ராண்டையும் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். நுகர்வோர் பொருள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடமும் புகார் செய்கிறேன்.

சோதிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், ஆனால் இப்போது அதற்குப் பொறுமை இல்லை. வெப்பநிலைப் படத்தை நம்பாதீர்கள். மின் வரம்பும் நினைவக வெப்பமும் தெரியும் வீடியோவை, பெட்டியின் கதவை மூடிய நிலையில் ஒரு மணி நேரம் ஓட விட்டு எடுத்துத் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். மூன்று விசிறிக் கார்டு நான்கை ஒரே பெட்டியில் அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் உட்புறப் படம் கேளுங்கள், தயங்கினால் விலகிவிடுங்கள். மற்றவற்றை இன்னொரு நாள் எழுதுகிறேன். புகாருடன் இணைக்க வேண்டிய ரசீதுகளையும் நண்பர் எடுத்த படங்களையும் இன்றிரவே அனுப்ப வேண்டும்.