பள்ளிக்கரணைச் சம்பங்காடு: பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திறந்த தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாலு கூழைக்கடா, பூநாரை வந்த வருஷமாக இருந்தால் தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. "அவ்வளவுதானா, மிச்சமெல்லாம் வெறும் புல்லு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் புல்லில்தான் விஷயமே இருக்கிறது. தண்ணீரும் சம்பும் தொட்டுக்கொள்கிற ஓரத்தைப் பார்க்கத் தெரிந்தால், சென்னைக்குள் இதற்கு ஈடான இடம் வேறில்லை.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் உயரத்துக்கு மேல், வாள் மாதிரி தட்டையான இலை, உச்சியில் தடித்த ஊதுவத்தி போலப் பழுப்புக் கதிர்: அது சம்பு. சம்பங்கோரை என்றும் சொல்வார்கள். கணுக்கணுவாகத் தண்டு, உச்சியில் வெண்சாமரம் மாதிரிப் பூ என்றால் நாணல். இங்கே பெருவாரியாக இருப்பது சம்பு. பறவை பார்க்க இந்த வித்தியாசம் உதவும். சம்பின் அடித்தண்டு மெத்தென்று சதைப்பற்றாக இருக்கும், நீலத்தாழைக்கோழிக்கு அதுதான் சாப்பாடு.

அந்தக் கோழி சாப்பிடுகிற அழகுக்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். நாட்டுக்கோழி அளவு, ஊதா நீல உடம்பு, சிவப்பு அலகு, நெற்றியிலும் சிவப்புப் பட்டை. அலகால் ஒரு தண்டைப் பிடுங்கும். நீண்ட விரல்களால், நாம் கரும்பைப் பிடிப்பது போலவே, அதை ஒற்றைக் காலில் இறுக்கிப் பிடிக்கும். பச்சைத் தோலை வரிவரியாக உரித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற வெள்ளைத் தண்டை மட்டும் கடித்துத் தின்னும். சம்பின் ஓரத்தில் உரித்த நார் மிதந்தால், கோழி பக்கத்திலேயே இருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், பத்து நிமிஷத்தில் வெளியே வரும். வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டும்போது அடியில் வெள்ளை தெரியும்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்பதில்தான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். பல்லாவரம் துரைப்பாக்கம் ரேடியல் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிட்டத்தட்ட கிழக்கு மேற்காக ஓடுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்குப் பார்த்து நின்றால் வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும், நிறம் தெளிவாகத் தெரியும். தெற்குப் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். வேளச்சேரி தாம்பரம் சாலை மேற்கு விளிம்பு. காலையில் அங்கே நின்றால் கண் கூசும், சாயங்காலம் 4 மணிக்கு மேல் அருமை. காலை 6 மணிக்கு இடத்தில் இருங்கள். எட்டரைக்கு மேல் தண்ணீர் மேல் வெக்கை அலையாடத் தொடங்கிவிடும். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் படம் கலங்கித்தான் வரும்.

ரேடியல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். 200 அடிச் சாலை, வண்டிகள் பறக்கும். இன்னொரு காரணமும் உண்டு. ஓடுகிற வண்டிக்குப் பறவைகள் பழகிவிட்டன. திடீரென்று கதவைத் திறந்து இறங்குகிற ஆளைப் பார்த்தால்தான் ஓரத்தில் இருப்பவை சட்டென்று உள்ளே போகும். வனத்துறையின் சுற்றுச்சூழல் பூங்காவுக்குள் போய், நடைபாதையில் ஒரே இடத்தில் இருபது நிமிஷம் அசையாமல் நிற்பது மேல். நடந்துகொண்டே பார்த்தால் மறைந்து வாழ்பவை எதுவும் கண்ணில் படாது.

கருவி விஷயம். சம்பு ஓரத்துக்கு 8×42 பைனாகுலர் போதும். 10× வாங்கினால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் குறுகும். சட்டென்று தலைகாட்டி மறைகிற பறவையைப் பிடிப்பது கஷ்டமாகிவிடும். தொலைவில் சேற்றில் மேய்கிற உள்ளான் எனும் சின்னக் கரைப்பறவைகளைப் பிரித்தறிய மட்டும் முக்காலியோடு ஸ்கோப் (பெரிய ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டும். கேமராவில் ஆட்டோஃபோகஸை விரிந்த பரப்பில் விட்டால், முன்னால் ஆடுகிற இலையைத்தான் அது பிடிக்கும். நடுவில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் குருகை (மறைந்து வாழும் சின்னக் கொக்கு வகை) தேடுகிறவர்கள் தண்ணீருக்கு அரை அடி மேலே, தண்டுகளுக்கு நடுவே பார்க்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் கழுத்தை நேராக மேலே நீட்டி அப்படியே உறைந்து நிற்கும். கழுத்துக் கோடுகள் காய்ந்த இலையோடு கலந்துவிடும். அசைவைத் தேடாதீர்கள், மற்ற தண்டுகளை விடக் கொஞ்சம் தடித்த ஒரு 'தண்டை'த் தேடுங்கள். முங்கி முங்கி இரை தேடுகிற சின்ன நீர்ப்பறவையான முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்போது ஈரப்பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அதனால் மிதக்கிற குப்பைக் குவியல் என்று நாம் நினைப்பது கூடாக இருக்கலாம். நீளவால் இலைக்கோழியை நீண்ட வாலோடு பார்க்க வேண்டுமானால் ஜூன் முதல் செப்டம்பர் வரை போக வேண்டும். குளிர்காலத்தில் அந்த வால் இருக்காது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான்.

வலசைப் பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை. ஆனால் நவம்பர், டிசம்பரில் மழைத் தண்ணீர் நிறைந்திருக்கும்போது உள்ளான் வகைகள் சிதறிவிடும். தண்ணீர் வடிந்து சேறு தெரிகிற ஜனவரி கடைசியிலிருந்துதான் அவற்றுக்கு நல்ல காலம். சம்பின் மேல் தாழ்வாக, இறக்கையை வி எழுத்துப் போலத் தூக்கி மிதக்கிற பருந்தைப் பார்த்தால் அது சேற்றுப் பூனைப்பருந்து. அது வருகிற நேரம் நாமக்கோழிகள் (வெள்ளை நெற்றியுள்ள கறுப்பு நீர்ப்பறவைகள்) எல்லாம் ஒரே கும்பலாக நெருக்கிக்கொள்ளும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெருங்குடிக் குப்பைமேடு இந்தச் சதுப்பின் மேலேயே எழுந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து திரும்பினால் வாடை தாங்காது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த கழுவெளி, அதாவது சதுப்பு, இது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரித் தண்ணீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. அந்த ஒரே வடிகால் குறுகக் குறுக, ஊருக்குள்தான் தண்ணீர் ஏறும்.

சம்பு அளவுக்கு மீறிப் பரவுவதும் கவலைக்குரியதுதான். முன்பெல்லாம் கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், சம்பு தானாகவே பின்வாங்கும். இப்போது வருஷம் முழுக்கக் கழிவுநீர் வருகிறது. உரமும் கிடைக்கிறது, உப்பும் குறைகிறது. செடி நாலாப் பக்கமும் அடைத்துக்கொள்கிறது, ஆகாயத்தாமரையும் சேர்ந்துகொள்கிறது. திறந்த தண்ணீர் போய்விட்டால் வாத்தும் முக்குளிப்பானும் போய்விடும். அதற்காகப் பொக்லைன் விட்டு மொத்தமாக வழித்தெடுப்பது அதைவிடக் கெடுதல், மறைவே இல்லாமல் போய்விடும். சரியான வழி, கூடுகட்டும் பருவம் முடிந்தபின் திட்டுத் திட்டாக, தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வெட்டுவது. சம்பின் கிழங்கு, தண்டில் இருக்கிற காற்றுக் குழாய்கள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. வெட்டுவாய் தண்ணீருக்குள் மூழ்கியே இருந்தால் கிழங்கு அழுகிவிடும். மேலே விட்டு வெட்டினால் சில வாரங்களில் பழையபடி தளிர்த்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரையோரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. நடைபாதையை விட்டு இறங்கவே கூடாது, மூடிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கொசு மருந்து, தொப்பி, தண்ணீர் வேண்டும். பொரி, பிஸ்கட் எதையும் தண்ணீரில் வீசாதீர்கள். ப்ளேபேக் ஒலி (பதிவு செய்த பறவைக் குரல்) போட்டுப் பறவையை வெளியே வரவழைக்கவும் வேண்டாம். கூடு கட்டுகிற பறவை குஞ்சை விட்டுவிட்டு எதிரியைத் தேடி அலையும்.

ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிகிறவர்கள் சுற்றி வர முயற்சிக்க வேண்டாம். நார் மிதக்கிற ஒரு ஓரத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்றுவிடுங்கள்.