குறுவை நெல்லை எங்கே போடுவது: கொள்முதல் நிலையமா, வியாபாரியா?

2025 குறுவையில் (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெற்பருவம்) என்னுடைய மூன்று ஏக்கர் நெல்லும் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் ஒன்றாக அறுவடைக்கு வந்தன. அவற்றில் ஒரு ஏக்கர் நெல்லை வயலடியிலேயே வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிட்டேன். மீதி இரண்டு ஏக்கர் நெல்லை அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டேன். இதை ஒரு சோதனையாக நினைத்துச் செய்யவில்லை. எனக்குக் கிடைத்த களத்தில் இரண்டு ஏக்கர் நெல்லைக் காயவைக்க மட்டுமே இடம் இருந்தது. ஆனால் ரகம் ஒன்று (ஏ.எஸ்.டி. 16), நாற்றங்கால் ஒன்று, போட்ட உரமும் ஒன்று என்பதால், இரு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு தானாகவே அமைந்தது. காவிரிப் படுகையில் பாமணியாற்றுப் பாசனத்தில் பயிர் செய்யும் நான், அந்தக் கணக்கை வைத்துக் கொள்முதல் நிலையத்தின் பக்கமே நிற்கிறேன். ஏன் என்பதையும், எந்த இடத்தில் அந்த முடிவு தடுமாறுகிறது என்பதையும் எழுதுகிறேன்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,389 ரூபாயும் ஆதார விலையாக அறிவித்தது. தமிழக அரசு ஊக்கத்தொகையாக முறையே 131 ரூபாயும் 156 ரூபாயும் சேர்த்ததால், நமக்குக் கிடைத்தது 2,500 ரூபாயும் 2,545 ரூபாயும் ஆகும். நிலையத்தில் 40 கிலோ மூட்டை, அதாவது சிப்பம், என்பதால் பொது ரகம் ஒரு சிப்பம் சரியாக 1,000 ரூபாய். வியாபாரி பேசுவதோ 60 கிலோ மூட்டைக் கணக்கு. இரண்டையும் ஒரே எடைக்குக் கொண்டுவராமல் "அங்கே ஆயிரம், இங்கே ஆயிரத்து நூற்றைம்பது" என்று ஒப்பிட்டு ஏமாந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நிலையத்தின் அந்த விலையில் 60 கிலோ நெல் 1,500 ரூபாய் பெறும்.

வியாபாரியிடம் உள்ள வசதியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எதுவும் அவருக்கு வேண்டாம். சாக்கு அவருடையது, வண்டி அவருடையது, பணம் அன்று மாலையே கைக்கு வந்துவிடும். "அண்ணே, ஈரமா இருந்தாலும் பரவாயில்ல, இப்பவே ஏத்திக்கிறேன்" என்று அவர் சொன்னபோது, மேற்கே கருத்துக்கொண்டு வந்த வானத்தைப் பார்த்து நான் தலையசைத்தேன்.

முடிவைத் தீர்மானிப்பது அவர் சொன்ன அந்த ஈரம்தான். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வீண் சச்சரவு குறையும். 2002 முதல் தமிழகம் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் இருக்கிறது. அதாவது மத்திய அரசின் சார்பில் மாநிலமே நெல்லை வாங்கி, அரைத்து, பொது விநியோகத்துக்கு அரிசியாகக் கொடுக்கிறது. அரைவைக்கு எடுக்கும் ஆலை, 100 கிலோ நெல்லுக்குப் புழுங்கலாக 68 கிலோ, பச்சரிசியாக 67 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. 17 சதவீதத்தில் வாங்கிய நெல்லுக்குத்தான் அந்த 68 கட்டுப்படியாகும். அதைவிட ஈரமான நெல்லை வாங்கினால், காயும்போது எடை இறங்கி, குறைகிற அரிசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். மூட்டையில் கட்டிய ஈர நெல் சூடேறிப் பழுப்பதும் உண்டு. ஆகவே நிலையத்தின் பட்டியல் எழுத்தர் கையில் உள்ள ஈரம் அளக்கும் கருவி வெறும் கெடுபிடிக்காக வைத்திருப்பதன்று.

ஆனால் அந்த 17 என்ற எண் காவிரிப் படுகையின் குறுவையைப் பார்த்து எழுதப்பட்டதும் அன்று. நம்முடைய குறுவை அறுவடை முடியும் நேரமும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரமும் ஒன்றோடொன்று உரசுகின்றன. சேற்றில் இறங்கக்கூடிய செயின் வண்டி என்ற அறுவடை இயந்திரத்தை வைத்து அறுத்த நெல் 21, 22 சதவீத ஈரத்தோடுதான் கொட்டப்படும். முதல் நாள் தூறல் விழுந்திருந்தால் 24 கூட ஆகும். கையால் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்த காலத்தில் தாளிலேயே பாதி ஈரம் போய்விடும். இப்போது அறுவடையும் தூற்றலும் ஒரே மணி நேரத்தில் முடிந்துவிடுவதால், காயவைக்கும் வேலை முழுவதும் உழவர் தலையில் தனியாக வந்து விழுகிறது.

ஈரம் இறங்கும்போது எடை எவ்வளவு குறையும் என்பதைக் கணக்கிட்டே ஆக வேண்டும். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்ந்த பொருள் 78 கிலோ. அது 17 சதவீதத்துக்கு வரும்போது மொத்த எடை, 78-ஐ 0.83-ஆல் வகுத்தால் கிடைக்கும் 94 கிலோ. ஆக, வயலடியில் 60 கிலோவாக இருக்கும் மூட்டை நிலையத்துக்குப் போகும்போது ஏறக்குறைய 56.4 கிலோவாகிவிடும், அதன் மதிப்பு 1,500 அன்று, 1,410 ரூபாய். 24 சதவீதமாக இருந்தால் 55 கிலோகூடத் தேறாது. மதிப்பு 1,375 ரூபாயைச் சுற்றி நிற்கும். ஈர நெல்லுக்கு வியாபாரி குறைத்துக் கேட்பதில் ஒரு பகுதி நியாயம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த நியாயம் எங்கே முடிகிறது என்பதையும் இதே கணக்குதான் காட்டுகிறது.

அவர் எனக்குக் கொடுத்தது மூட்டைக்கு 1,150 ரூபாய். ஒரு ஏக்கரில் 36 மூட்டை. மொத்தம் 41,400 ரூபாய். மற்ற இரண்டு ஏக்கரில் வந்த 4,320 கிலோ ஈர நெல்லை மூன்று காய்ச்சல், அதாவது மூன்று முறை வெயிலில், போட்டபோது, கணக்குப்படி ஏறக்குறைய 4,060 கிலோ வந்திருக்க வேண்டும். குவியலின் அடியில் ஈரம் கோத்து முளைவிட்டதையும், மணி பிடிக்காத கருக்காயையும் ஒதுக்கிய பிறகு 100 சிப்பம் தேறியது. ஒரு லட்சம் ரூபாய். செலவு: காயவைக்க இரண்டு ஆள் மூன்று நாள் 2,400, டிராக்டர் 1,200, தார்ப்பாய் வாடகை 800, எந்த ரசீதிலும் எழுதப்படாமல் சிப்பத்துக்கு 20 ரூபாய் வீதம் கேட்டு வாங்கப்பட்டது 2,000, ஆக 6,400 ரூபாய். ஏக்கருக்கு 46,800 ரூபாய் நின்றது. வியாபாரியிடம் விற்ற ஏக்கரைவிட 5,400 ரூபாய் கூடுதல். அவர் 1,300 ரூபாய் கொடுத்திருந்தால் இரண்டும் சமம் ஆகியிருக்கும். அடுத்த முறை வயலடியில் விலை பேசும்போது என் மனத்தில் இருக்கப்போவது இந்த 1,300 என்ற எண்தான். ஒவ்வொருவரும் தத்தம் ஈரத்தையும் செலவையும் வைத்துத் தமக்கான எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த 5,400 ரூபாய்க்கு நான் கொடுத்த விலை பதினொரு நாள். மூன்று காய்ச்சலுக்கு மூன்று வெயில் நாள் போதும். ஆனால் அக்டோபரில் மூன்று வெயில் நாள் தொடர்ந்து கிடைப்பதில்லை. காலை பத்து மணிக்குத் தார்ப்பாயை விலக்கி, நெல்லை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, காலால் துழாவி வரி வரியாகப் புரட்டிவிட்டு, மூன்று மணிக்கு மேகம் கூடினால் ஓடிப்போய்க் குவித்து மூடுவோம். ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். நசுங்கினால் இன்னும் காயவில்லை. ஆறாம் நாள் என் பல்லுக்கு ஒடிந்த நெல்லைக் கருவி 18.4 என்று காட்டியது. இரவுப் பனியில் மேல் அடுக்கு மீண்டும் ஈரம் இழுத்திருந்தது. மறுநாள் குவியலின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் கலந்து எடுத்து, நிழலில் அரை மணி நேரம் ஆறவைத்துக் காட்டியபோது 16.8 வந்தது. வெயிலில் சுடச்சுட எடுத்த நெல்லையோ, மேல் அடுக்கை மட்டும் அள்ளிய நெல்லையோ கருவியில் வைக்கக் கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

அதன் பிறகும் நான்கு நாள் காத்திருந்தேன். நிலையத்தில் வாங்கிய மூட்டைகள் லாரி இல்லாமல் தேங்கி நின்றதால், புதிதாக எடை போட இடமும் இல்லை, சாக்கும் இல்லை. என் நெல்லில் ஒரு பகுதி முளைவிட்டது அந்த நாட்களில்தான். அந்த மாதம் படுகை முழுவதும் திறந்தவெளியில் நெல் முளைவிட்டுக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். காய்ந்த நெல்லோடு வந்தவரை மழையில் நிற்கவைத்துவிட்டு, பிறகு ஈரம் என்று திருப்பி அனுப்பினால் ஆதார விலை என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது. வரம்பில் தளர்வு கிடைத்த ஆண்டுகளும் உண்டு: 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையும், 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு 20 சதவீதம் வரையும் வாங்க மத்திய அரசு அனுமதித்தது. ஆனால் தளர்வு, மழை பெய்து, மாநிலம் கேட்டு, குழு வந்து பார்த்த பிறகுதான் கிடைக்கிறது. அதற்குள் கையில் பணம் இல்லாதவர் வியாபாரியிடம் போயிருப்பார். குறுவைக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் தானாகவே நடைமுறைக்கு வரும் ஒரு வரம்பும், நிலையத்துக்கு நிலையம் ஓர் உலர்த்தியும் இருந்தால், இந்த அலசலை எழுதவே தேவை இருந்திருக்காது. நடமாடும் உலர்த்தி இயந்திரங்களைப் பற்றிப் பலரும் சொல்கிறார்கள்; நான் போடும் நிலையத்துக்கு ஒன்றும் வந்ததில்லை என்பதால், அதில் காயவைத்த நெல் எப்படி இருக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் இன்னும் சிக்கல். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்ட போதிலும், வாய்ப்பேச்சில் நடக்கும் குத்தகையே எங்கள் பக்கத்தில் அதிகம். அவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கித்தான் நிலையத்துக்குப் போக முடியும். இந்தச் சான்றை அறுவடை வாரத்தில் தேடி அலைவதைவிட, பயிர் பச்சையாக நிற்கும்போதே அவரை வயலுக்கு அழைத்துக் காட்டி வாங்கி வைப்பது நல்லது. நிலையத்தில் விரல்ரேகை வைக்கச் சொல்வதும், இணையத்தில் பதிவு செய்யச் சொல்வதும் தொல்லையாகத் தோன்றினாலும், வியாபாரிகள் பிறருடைய சிட்டாவை வைத்து நெல்லைக் கொண்டுவந்து நம் முறையைத் தள்ளிப்போடுவதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வியாபாரியிடம் நடவுக்கு முன்பணம் வாங்கியவருக்கோ தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. உரம் வாங்கக் கொடுத்த பத்தாயிரத்துக்கு அவர் வட்டி என்று தனியாக எதுவும் கேட்பதில்லை. மூட்டை விலையில் அது கழிந்துவிடுகிறது. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் குறித்த காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. ஆகவே சங்கத்தில் கடன், நிலையத்தில் விற்பனை என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் நிலையத்தின் விலை முழுதாகக் கையில் நிற்கும்.

சம்பாவுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. தை, மாசியில் அறுக்கும்போது மழை பொதுவாக ஓய்ந்திருக்கும். ஒரே காய்ச்சலில் 17-க்குக் கீழே வந்துவிடும். ஈர நெல்லை எடுத்துக்கொள்வதுதான் வியாபாரியின் பெரிய பலம் என்றால், அந்தப் பலம் அப்போது அவரிடம் இருப்பதில்லை. சி.ஆர். 1009 போன்ற பொது ரகத்தை நான் யோசிக்காமல் நிலையத்தில் போடுகிறேன். ஆனால் பி.பி.டி. 5204 போட்டிருப்பவர் விசாரிக்காமல் நிலையத்துக்குப் போகக் கூடாது. வெளிச்சந்தையில் கிராக்கி உள்ள அந்தச் சன்ன அரிசிக்கு, நிலையம் தரும் விலையைவிட (2025-26-ல் 60 கிலோவுக்கு 1,527 ரூபாய்) வியாபாரி கூடுதலாகத் தந்ததை நான் இருமுறை பார்த்திருக்கிறேன். இருமுறை என்பது ஒரு விதியாகச் சொல்லப் போதாது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம், நெல்லை இருப்பு வைத்து அதையே ஈடாகக் காட்டி வாங்கும் பொருளீட்டுக் கடன் என்ற மூன்றாவது வழியும் உண்டு. கிடங்கு வாடகையும் காத்திருப்பும் தாங்கக்கூடிய, களஞ்சியம் இல்லாத சன்ன ரக உழவருக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். குறுவைப் பொது ரகத்தை அங்கே கொண்டுபோனவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

இனி வரும் குறுவைக்கு நான் எடுத்துள்ள முடிவு இதுதான். கொள்முதல் பருவம் முன்பெல்லாம் அக்டோபர் 1-ல் தொடங்கும். 2022 முதல் தமிழகத்தில் செப்டம்பர் 1-லேயே தொடங்குகிறது. அந்த ஒரு மாதத்தை நான் இதுவரை பயன்படுத்திக்கொள்ளவே இல்லை. ஏ.எஸ்.டி. 16-க்கு வயது 110 முதல் 115 நாள். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்து, அது கடைமடை வரை வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் அறுவடை அக்டோபர் மழையில்தான் போய் நிற்கும். பக்கத்து வயல் மாமாவிடம் ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. மோட்டார் தண்ணீரில் மே மாதக் கடைசியில் அவர் வயலின் ஒரு மூலையில் எனக்கும் சேர்த்து நாற்றங்கால் விடச் சம்மதித்திருக்கிறார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நடவு. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அறுத்தால் மூன்று ஏக்கர் நெல்லுக்கும் வெயில் கிடைக்கும். களத்தில் இடம் போதாத குறையைத் தீர்க்க, எங்கள் தெருவில் ஆறு வீட்டார் சேர்ந்து முறை வைத்துக் காயவைப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம். தார்ப்பாயை வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே இரண்டு வாங்கிவிட்டேன்.